புகை நெருப்பைக் காட்டும், விளக்காது: எந்த 'ஏன்' கேள்விக்கு எந்த விளக்கம்?

இம்மலை நெருப்புடையது, புகையுடையது ஆதலால், அடுக்களையைப் போல; இம்மலையும் புகையுடையது, ஆகவே நெருப்புடையது. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் சொல்லும்போது எடுத்துக்காட்டும் அனுமானம் இது. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (சான்று), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பும் பிசகாமல் அமைந்திருக்கிறது. ஆனால் மலையில் ஏன் தீப்பிடித்தது என்று கேட்டவருக்கு இது பதில் ஆகாது. புகையைக் கண்டதால் நெருப்பு இருப்பது நமக்குத் தெரிகிறது; புகையால் நெருப்பு உண்டாகவில்லை.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், காரணம் கூறும் ஏதுவணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று இரண்டாகப் பிரிப்பது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. உண்டாக்குவது காரகம், உண்டு என்று அறிவிப்பது ஞாபகம். அரிஸ்டாட்டிலும் இதே வேறுபாட்டைக் கோள்களை வைத்துச் சொன்னார். கோள்கள் மின்னாமல் இருப்பதைக் கொண்டு அவை அருகில் இருப்பதாக ஊகிக்கலாம். ஆனால் அருகில் இருப்பதுதான் மின்னாமைக்குக் காரணம். அனுமானம் இரண்டு திசையிலும் ஓடும். விளக்கம் ஒரு திசையில்தான் ஓடும்.

ஆய்வறிக்கை எழுதுபவரும் பாடம் நடத்துபவரும் பழுதான இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவரும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது: எனக்கு வேண்டியது ஞாபகமா, காரகமா? 'இந்த நோய் இருக்கிறதா?' என்பதற்கு ஞாபகம் போதும். காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும் அதைச் சொல்லிவிடும். 'ஏன் வந்தது?' என்பதற்குக் காரகம் வேண்டும். முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குக் கொடுத்துவிட்டு விளக்கிவிட்டதாக நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

காரகம்தான் வேண்டும் என்று முடிவான பிறகும் வேலை முடியவில்லை. அதைத் தருவதாகச் சொல்லும் முறைகள் பல. சென்ற நூற்றாண்டின் அறிவியல் மெய்யியல் அவற்றை வகைப்படுத்தித் தந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வழக்கில் வைத்துப் பார்த்தால் எது எங்கே உதவும், எங்கே கவிழும் என்பது தெரியும்.

வழக்கு: வியன்னா, 1846

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். பிரசவக் காய்ச்சலால் முதல் பிரிவில் இறந்த தாய்மார் 1844-ல் 8.2 சதவீதம், 1845-ல் 6.8, 1846-ல் 11.4. அதே ஆண்டுகளில் இரண்டாம் பிரிவில் 2.3, 2.0, 2.7. முதல் பிரிவில் உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இந்த வேறுபாட்டைத் துரத்தினார்.

அன்று சொல்லப்பட்ட விளக்கங்கள் பல: காற்றிலும் மண்ணிலும் பரவிய ஏதோ ஒரு கேடு, நெரிசல், மாணவர்களின் முரட்டுத்தனமான பரிசோதனை, மணி ஒலிக்கச் சாவுச் சடங்குக்குப் போகும் பாதிரியாரைப் பார்த்த அச்சம், தாய்மார் படுக்கும் நிலை.

இவற்றில் முதல் இரண்டும் கேள்வியைச் சரியாக எழுதிய உடனே விழுந்துவிடுகின்றன. 'ஏன் இறந்தார்கள்?' என்பது அரைக் கேள்வி. மெய்யியலாளர் பாஸ் வான் ஃப்ராசன் 1980-ல் வற்புறுத்தியது இதைத்தான்: ஒவ்வொரு 'ஏன்'-க்குள்ளும் 'வேறொன்று நடக்காமல் இது ஏன்?' என்ற ஒப்பீடு ஒளிந்திருக்கிறது. இரண்டாம் பிரிவில் இல்லாமல் முதல் பிரிவில் ஏன்? 1844-ல் இல்லாமல் 1846-ல் ஏன்? பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்க இவர் மட்டும் ஏன்? மூன்றும் மூன்று கேள்விகள், பதில்களும் மூன்று. செம்மல்வைஸ் முதல் கேள்வியை எடுத்தார். ஊர்க்காற்று இரண்டு பிரிவுக்கும் பொது என்பதால் அது பதில் ஆக முடியாது. முதல் பிரிவின் பெயர் கெட்டுப்போய்த் தாய்மார் இரண்டாம் பிரிவைக் கேட்டு வாங்கியதால் அங்கேதான் நெரிசல் அதிகம்; அதுவும் போயிற்று.

எந்த முறையைத் தேர்ந்தாலும் முதலில் இந்த ஒப்பீட்டை எழுத்தில் வையுங்கள். காசு செலவில்லாத வேலை. பல சண்டைகள் இதிலேயே தீரும். இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

விதியிலிருந்து வருவிப்பது

அறிவியல் மெய்யியலில் கார்ல் ஹெம்பெலும் பால் ஓப்பன்ஹைமும் 1948-ல் வகுத்த வடிவம் இது. ஒரு பொது விதியையும் தொடக்க நிலைமைகளையும் வைத்து, விளக்க வேண்டிய நிகழ்வைத் தருக்கப்படி வருவிக்க வேண்டும். நிபந்தனைகள் நான்கு: முடிவு தருக்கப்படி வர வேண்டும்; அது வருவதற்கு விதி உண்மையிலேயே தேவைப்பட வேண்டும்; கூற்றுகள் சோதிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும்; அவை உண்மையாகவும் இருக்க வேண்டும்.

பொருந்தும் இடத்தில் இதைப் போல் சுத்தமான விளக்கம் வேறில்லை. குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதல், ஆக மொத்தம் 2 பார். அந்த அழுத்தத்தில் நீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆகவே உள்ளே இருக்கும் பருப்புக்குத் திறந்த பாத்திரத்தைவிட 20 டிகிரி கூடுதல் சூடு கிடைக்கிறது. எண் கிடைப்பதால் சோதிக்கலாம். கிரகண நேரம், மின்சுற்று, செயற்கைக்கோளின் பாதை ஆகியவற்றுக்கு இந்த முறையை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை.

கவிழும் இடம் இரண்டு. 10 மீட்டர் கொடிக்கம்பம், சூரியன் 30 டிகிரி உயரத்தில், நிழல் 17.3 மீட்டர். கம்பத்தின் உயரத்திலிருந்து நிழலின் நீளம் வரும், அது விளக்கம். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நிழலிலிருந்து கம்பத்தின் உயரமும் வரும். நான்கு நிபந்தனையும் நிறைவேறும். ஆனால் நிழல் 17.3 மீட்டர் இருப்பதால்தான் கம்பம் 10 மீட்டர் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழைய புகையும் நெருப்பும்தான், வேறு வேடத்தில். இரண்டாவது, சம்பந்தமில்லாத விதி. கருத்தடை மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும் ஆண்கள் கருவுறுவதில்லை, இவர் ஓர் ஆண், தவறாமல் சாப்பிட்டார், ஆகவே கருவுறவில்லை. வெஸ்லி சால்மன் சொன்ன இந்த எடுத்துக்காட்டில் தருக்கப் பிழை எதுவும் இல்லை, அதுதான் சிக்கல்.

வியன்னாவில் இந்த முறை முதல் அடியிலேயே நின்றுவிடும். 1846-ல் முதல் பிரிவில் சேர்ந்தவர்களில் 88 சதவீதத்துக்கும் மேல் பிழைத்தார்கள். 'இதற்கு ஆளானவர் எல்லாரும் இறப்பர்' என்று விதி எழுத வழியில்லை. ஹெம்பெல் பிறகு விதியைத் தளர்த்தி, முடிவுக்கு உயர்ந்த நிகழ்தகவு இருந்தால் போதும் என்றார். 11.4 சதவீதம் உயர்ந்த நிகழ்தகவு அல்ல. ஆனாலும் சாவுக்குக் காரணம் இருந்தது, அது கண்டுபிடிக்கவும் பட்டது.

விகித வேறுபாடு

சால்மன் 1971-ல் முன்வைத்த மாற்று இது. நிகழ்தகவு உயர்வா தாழ்வா என்பது பொருட்டல்ல. ஒரு காரணி அதை மாற்றுகிறதா என்பதே கேள்வி. 2.7 ஒரு பக்கம், 11.4 மறுபக்கம் என்றால் 'எந்தப் பிரிவு' என்பது பொருத்தமான காரணி. செய்முறை எளிது. முழுத் தொகுதியின் விகிதத்தை எடுங்கள். ஒரு காரணியால் இரண்டாகப் பிரியுங்கள். விகிதம் மாறினால் வைத்துக்கொள்ளுங்கள், மாறாவிட்டால் தள்ளுங்கள். இனிமேல் எதைக் கொண்டு பிரித்தாலும் மாறாது என்ற நிலை வரும்வரை தொடருங்கள். மாத்திரை சாப்பிடும் ஆண் முதல் சுற்றிலேயே உதிர்ந்துவிடுவார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் விகிதம் பூச்சியம்தான்.

'தொடருங்கள்' என்ற இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 1986-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் சிறுநீரகக் கல்லுக்குத் திறந்த அறுவை 350 பேரில் 273 பேருக்குப் பலித்தது, 78 சதவீதம். தோலில் துளையிட்டு எடுக்கும் முறை 350 பேரில் 289 பேருக்கு, 83 சதவீதம். துளை முறைதான் மேல் என்று தோன்றும். கல்லின் அளவால் பிரித்துப் பாருங்கள். சிறிய கல்லுக்குத் திறந்த அறுவை 87-ல் 81, அதாவது 93 சதவீதம்; துளை முறை 270-ல் 234, 87 சதவீதம். பெரிய கல்லுக்குத் திறந்த அறுவை 263-ல் 192, 73 சதவீதம். துளை முறை 80-ல் 55, 69 சதவீதம். இரண்டு வகையிலும் திறந்த அறுவைதான் முன்னே நிற்கிறது. கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் அதன் பக்கம் போனதால் மொத்தக் கணக்கு தலைகீழானது.

கல்லின் அளவால் பிரிக்க வேண்டும் என்று விகிதங்கள் தாமாகச் சொல்லாது. எது எதைப் பாதிக்கும் என்ற காரண அறிவு வெளியிலிருந்து வர வேண்டும். ஆகவே இந்த முறை சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைச் சுருக்கித் தரும், தீர்ப்பு எழுதாது. காற்றழுத்தமானி இறங்குவதற்கும் புயலுக்கும் உள்ள விகிதத் தொடர்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மானியின் முள்ளைக் கையால் பிடித்துப் புயலை நிறுத்த முடியாது.

தலையிட்டுப் பார்ப்பது

அந்த முள்ளைப் பிடித்துப் பார்க்கும் எண்ணத்தையே அளவுகோலாக்கியவர் ஜேம்ஸ் உட்வர்டு, 2003-ல். ஒன்றை மாற்றினால் மற்றது எப்படி மாறும் என்று சொல்வதே விளக்கம். 'இது இல்லாமல் அது இருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்ற கேள்விக்கு அது பதில் தர வேண்டும். கொடிக்கம்பச் சிக்கல் இங்கே தானாகத் தீர்கிறது. கம்பத்தை வெட்டினால் நிழல் குறுகும். நிழல்மேல் விளக்கடித்து அழித்தால் கம்பம் குறுகாது.

செம்மல்வைஸ் செய்தது ஏறக்குறைய முழுவதும் இதுவே. பாதிரியாரை வேறு வழியில், மணியில்லாமல் வரச் செய்தார், சாவு குறையவில்லை. தாய்மாரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், குறையவில்லை. மாணவர் எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பரிசோதனைகளையும் குறைத்தார்கள். சிறிது இறங்கிவிட்டு முன்னைவிட ஏறியது. 1847-ன் தொடக்கத்தில் சக மருத்துவர் கோலெட்ஷ்கா பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறிப் பிரசவக் காய்ச்சல் போன்ற அறிகுறிகளோடே இறந்தார். மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவப் பிரிவுக்கு வருவது அப்போது செம்மல்வைஸின் கண்ணில் வேறு மாதிரிப் பட்டது. 1847 மே மாதம் முதல், பரிசோதனைக்கு முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848-ல் முதல் பிரிவில் சாவு 1.27 சதவீதம், இரண்டாம் பிரிவில் 1.33.

இந்த முறையைத் தேர்ந்தால் கவனிக்க வேண்டியவை உண்டு. தலையீடு நாம் சந்தேகிக்கும் காரணியை மாற்ற வேண்டும். வேறு பாதை வழியே விளைவைத் தொடக்கூடாது. விளைவின் மற்றக் காரணங்களோடு ஒட்டிக்கொண்டும் வரக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பலன் பலமிழக்கும். லண்டனில் 1854 காலராவின்போது, தண்ணீர்தான் நோயைப் பரப்புகிறது என்ற மருத்துவர் ஜான் ஸ்னோவின் பேச்சைக் கேட்டுப் பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றிய கதை பாடப்புத்தகங்களுக்குப் பிடித்தமானது. ஆனால் செப்டம்பர் 8-ல் கழற்றும்போதே நோய் தணியத் தொடங்கியிருந்தது. ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டார். அவருடைய வலுவான சான்று வேறு. தெற்கு லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் நிறுவனம் 1852-ல் தன் நீரெடுப்பை தேம்ஸில் கழிவுநீர் சேராத மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க் அண்ட் வாக்ஸால் மாற்றவில்லை. பத்தாயிரம் வீட்டுக்கு இறப்பு முன்னதில் 37, பின்னதில் 315. வசதி, காற்று, தெரு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, தண்ணீர் மட்டும் மாறியது. தானாக நடந்தாலும் கைப்பிடியைவிடச் சுத்தமான தலையீடு இது.

இந்த முறையின் எல்லையையும் செம்மல்வைஸின் வழக்கே காட்டுகிறது. கரைசல் பலித்தது கையில் ஏதோ இருந்தது என்பதற்குத்தான் சான்று. இருந்தது பிணத்தின் துகள் என்பதற்கு அல்ல. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் கைகளைக் கரைசலில் சுத்தம் செய்துகொண்டு, சீழ்பிடித்த கருப்பைவாய்ப் புற்று இருந்த ஒரு தாயைப் பரிசோதித்தார்கள். அடுத்துச் சாதாரணமாகக் கழுவிய கையோடு அதே அறையில் 12 பேரைப் பரிசோதித்தார்கள். 11 பேர் இறந்தார்கள். உயிருள்ள உடலின் அழுகல் பொருளும் கொல்லும் என்று அவர் விளக்கத்தை விரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எந்த நெம்புகோலைத் தொட வேண்டும் என்று தலையீடு சொல்லும்; நெம்புகோலுக்கும் விளைவுக்கும் நடுவில் இருப்பதைச் சொல்லாது.

உள்ளே நடப்பதைக் காட்டுவது

அந்த நடுவைச் சொல்வது இயங்குமுறை விளக்கம்: என்னென்ன உறுப்புகள், அவை என்ன செய்கின்றன, எந்த வரிசையில். பிரசவக் காய்ச்சலுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைப் பாஸ்டர் 1879-ல் காட்டியபோதுதான் அது கிடைத்தது. செம்மல்வைஸ் 1865-லேயே இறந்துவிட்டார். இயங்குமுறை கையில் இருந்தால் புதிய இடத்துக்கும் முன்கூட்டியே எச்சரிக்கலாம். 11 பேரின் சாவுக்குப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தலையீட்டுக்கு மேல் இது கூடுதலாகத் தரும் ஆதாயம் இதுதான், பெரிய ஆதாயம்.

ஆனால் எல்லா முறைகளிலும் ஏமாற்றுவதில் வல்லது இதுவே, ஏனென்றால் கேட்பதற்குத் திருப்தியாக இருக்கும். மாரடைப்புக்குப் பின் இதயத்தில் வரும் தாறுமாறான துடிப்புகள் சாவுக்கு முன்னறிகுறி. அவற்றை அடக்கும் மருந்து கொடுத்தால் சாவு குறையும். அழகான இயங்குமுறை, மருத்துவர்களும் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில் என்கைனைடு, ஃபிளெகைனைடு கொடுக்கப்பட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். 1989-ல் இந்த இரண்டு மருந்துகளின் சோதனையையும் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து தாறுமாறான துடிப்பை அடக்கவே செய்தது. சங்கிலியின் அடுத்த கண்ணிதான் இல்லை.

உளவியலாளர்கள் ரோசன்பிளிட், கெய்ல் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பயன்படும். ஜிப், ஃபிளஷ் தொட்டி போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது தெரியும் என்று தமக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டவர்கள், படிப்படியாக எழுதச் சொன்னபின் அந்த மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். ஆகவே இயங்குமுறையை எழுதும்போது ஒவ்வொரு படியிலும் எது எதை எப்படி மாற்றுகிறது என்று தனித்தனி வரியில் எழுதுங்கள். 'இதன் விளைவாக', 'பின்னர் படிப்படியாக' போன்ற தொடர்கள் வரும் இடங்களைக் கோடிடுங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒவ்வொரு படிக்கும் தனிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்றாகச் சேர்ப்பது

மைக்கேல் ஃபிரீட்மன் 1974-லும் ஃபிலிப் கிட்சர் 1981-லும் வேறு கோணத்தில் பார்த்தார்கள்: தனித்தனி உண்மைகள் பலவற்றைச் சில வடிவங்களுக்குள் அடக்குவதே விளக்கம். ஆப்பிளும் நிலவும் ஒரே ஈர்ப்புக்குள் வந்தது இப்படி. பிரசவக் காய்ச்சலும் அறுவைப் புண் சீழ்பிடிப்பதும் கிருமிக் கொள்கைக்குள் சேர்ந்ததும் இப்படி. பாடத்திட்டம் வகுப்பவருக்கும் கோட்பாடு கட்டுபவருக்கும் உகந்தது. வார்டில் நிற்பவருக்கு அவ்வளவாக உதவாது. 'எல்லாம் தலைவிதி' என்ற பதிலும் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறதே என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எதை மறுக்கிறது என்று சொல்ல முடியாத இணைப்பு இணைப்பே அல்ல.

எதைத் தேர்வது

எங்கள் தீர்ப்பு: அனுபவ அறிவியலில் சந்தேகம் வந்தால் தலையீட்டு விளக்கத்தை எடுங்கள். மற்றவற்றின் ஊனத்தை அது பிடித்துக்கொடுக்கும். அதன் ஊனம் பெரும்பாலும் போதாமைதான், பொய் அல்ல. விதி கறாராகவும் காரணத்தின் திசை தெளிவாகவும் உள்ள இடத்தில் வருவிப்பை எடுங்கள், எண் கிடைக்கும். கைவைக்க முடியாத துறைகளில், சமூகக் கணக்கெடுப்பிலோ வானியலிலோ, விகிதத்தோடு தொடங்கி ஸ்னோவின் தண்ணீர்க் குழாய்களைப் போலத் தானாக நடந்த தலையீட்டைத் தேடுங்கள். ஓர் இடத்தில் பலித்ததை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் இயங்குமுறை இல்லாமல் நகராதீர்கள். அது இருந்தாலும் கடைசி விளைவை, துடிப்பை அல்ல சாவை, எண்ணிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கணிதத்திலும் தருக்கத்திலும் இந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கே தலையிட எதுவும் இல்லை. கம்பத்தை வெட்டுவதுபோல் ஏழு என்ற எண்ணை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் காட்டுவதற்கும் விளக்குவதற்கும் உள்ள வேறுபாடு அங்கும் இருக்கிறது. 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களைக் கூட்டினால் எத்தனை எண்களோ அதன் வர்க்கம் வரும். நான்கைக் கூட்டினால் 16. கணிதத் தொகுத்தறிதலால் இதை நான்கு வரியில் நிறுவலாம். முதல் எண்ணுக்குச் சரி, ஓர் எண்ணிக்கைக்குச் சரியானால் அடுத்ததற்கும் சரி, முடிந்தது. பிழையே இல்லை. ஆனால் வர்க்கம் ஏன் வருகிறது என்பது அதில் தெரியாது, விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் உள்ளே போக முடியும். ஒரு புளியங்கொட்டையை வைத்து, அதன் வலப்புறமும் கீழ்ப்புறமும் மூலையும் சேர மூன்று கொட்டைகளை மடக்கி வையுங்கள். அதைச் சுற்றி ஐந்து, பிறகு ஏழு. ஒவ்வொரு சுற்றிலும் பக்கம் ஒன்று கூடுகிறது, சதுரம் சதுரமாகவே வளர்கிறது. வேறு வடிவம் வர வழியில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

இதன் மறு எல்லை நான்கு நிறத் தேற்றம். எல்லையைப் பகிரும் இரண்டு பகுதிகள் ஒரே நிறமாகாமல் தீட்ட எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்று ஆப்பெலும் ஹாக்கனும் 1976-ல் கணினியைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைச் சரிபார்த்து நிறுவினார்கள். ஐந்து ஏன் தேவைப்படாது என்று கேட்கும் மாணவரிடம் அந்தப் பட்டியலை நீட்ட முடியாது. வகுப்பில் புளியங்கொட்டை முதலில் வரட்டும், தொகுத்தறிதல் அடுத்த நாள் வரலாம். தேற்றத்தைப் பயன்படுத்தி நிரல் எழுதுபவருக்கு மட்டும் கணினியின் பட்டியலே போதும். அவர் கேட்பது ஞாபக ஏதுதான்.